போட்டுப் பாருங்க பெரியம்மா

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் அடுப்பில்தான் சாப்பிட்டு வளர்ந்தன. ஆறு பேரும் இன்றைக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் இப்போது சொல்ல வந்தது அவர்களைப் பற்றி இல்லை. பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கோட்டுக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தாரே, அந்த மனிதரைப் பற்றி.

கோட்டு என்றால் தோல் கோட்டு. பனி கொட்டுகிற நாடுகளில் ஆணும் பெண்ணும் போட்டுக்கொள்வது. சித்திரை மாதத்தில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற ஊரில் உட்கார்ந்து நாங்கள் அதைத் தைத்தோம். முதலாளி அரியலூர்க்காரர். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிச் சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பழைய கடலை மில்லை வாங்கி, தகரத்தை மாற்றி, உள்ளே மிஷின்களை இறக்கினார். தோல் பதனிட்டு, சாயம் ஏற்றி, ராணிப்பேட்டைப் பக்கமிருந்து லாரியில் வரும். வெட்டுவதும் தைப்பதும் இங்கே.

என் கடைசி மகள் புருஷனை விபத்தில் பறிகொடுத்து, இரண்டு பெண் குழந்தைகளோடு குரும்பலூருக்கே திரும்பி வந்திருந்தாள். அவள் மிஷினில் உட்காரக் கற்றுக்கொண்டாள். அவள் கூடவே நானும் போனேன். எனக்கு நூல் வெட்டுகிற வேலை. தைத்து வரும் கோட்டில் பிசிறு வெட்ட வேண்டும், பசை வழிந்த இடத்தைத் துடைக்க வேண்டும். அதற்கு முன் காலமெல்லாம் வெங்காயக் காட்டில் களை எடுத்தவள் நான். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஊரில் பேச்சு வராமல் இருக்குமா? வாலிகண்டபுரம் கோயிலில் ஒரு பிரதோஷத்தன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

"ஏங்க்கா, நாளு பூரா ஆட்டுத் தோலை மடியில போட்டுக்கிட்டு, சாயங்காலம் சாமி கும்புட வந்துடுறீங்களே?"

"அந்தா அடிக்கிறானே மேளம், அதுல கட்டியிருக்கிறது என்னடி, வாழ இலையா?" என்றேன். 

அதை விடுங்கள். மாஸ்டருக்கு வருகிறேன்.

வாணியம்பாடிப் பக்கத்து பாய். ஒல்லியான ஆள். காதோரம் மட்டும் நரை, விரல் இடுக்கெல்லாம் சாயக் கறை. நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால் வேறொரு பேர் இருந்தது, 'போட்டுப்பாரு பாய்' என்று. ஏன் அந்தப் பேர் வந்தது என்றால், எதையும் போட்டுப் பார்க்காமல், உட்கார்ந்து பார்க்காமல், படுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். பெரம்பலூர் கடைத்தெருவில் கட்டில் வாங்கப் போனவர், கடைக்காரர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், ரோட்டோரத்தில் போட்டு அதில் புரண்டு புரண்டு படுத்திருக்கிறார். துறையூர் பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். கடைசியில் வாங்கவும் இல்லை. "இடுப்புல இடிக்குது" என்று எழுந்து வந்துவிட்டார்.

மிஷினில் உட்காரும் பெண்களுக்கு முதுகு வலி என்று ஒருத்தி சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் "எல்லாருக்கும்தான் வலிக்குது" என்று சொல்லியிருப்பார்கள். இவர் மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தைத்தார். எழுந்திருக்கும்போது அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த வாரமே ஸ்டூல்களின் காலையெல்லாம் அறுத்துக் குட்டையாக்கிவிட்டார்கள். பசை நாற்றத்தில் தலை சுற்றுகிறது என்றபோதும் இப்படித்தான். பசை டப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தார். பிறகு ஃபேனைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்று என்னையே பார்த்தார்.

"பெரியம்மா, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க."

"ஏன் மாஸ்டர்?"

"தோளு நல்ல அகலம். ஜெர்மன்காரிக்குச் சரியா இருக்கும்."

ஹாலே சிரித்தது. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் ஏலாக்குறிச்சிக்காரி, என்னைப் போலவே களைக்காட்டிலிருந்து வந்தவள், வாய் நீளம். "அம்மாடி, ஜெர்மன்லேர்ந்து பொண்ணு கேட்டு வந்திருக்காங்கடி பெரியம்மாவ!" என்று கத்தினாள். என் மகள் மிஷினில் தலையைக் குனிந்துகொண்டாள். மாஸ்டர் கையில் ஒரு கறுப்புக் கோட்டை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார்.

"செத்த ஆட்டையெல்லாம் நான் உடம்புல போத்திக்க மாட்டேன்."

"டேப்பு சும்மா நிக்கிற உடம்பைத்தான் அளக்கும் பெரியம்மா. கோட்டுப் போட்டவங்க சும்மாவா நிப்பாங்க? நடப்பாங்க, உக்காருவாங்க, புள்ளயத் தூக்குவாங்க. போட்டுப் பாருங்க."

புடவைக்கு மேல் போட்டேன். உள்பக்கத்துத் துணி வழவழவென்று குளிர்ந்தது. கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். தலையில் கூடை இருக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். குனியச் சொன்னபோது, "களை எடுக்குற மாதிரியா?" என்று கேட்டேன். "எது வருதோ அதைச் செய்யுங்க" என்றார். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சிமென்ட் தரையில் இல்லாத களையைக் கொத்தினேன். எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அக்குள் பிடிக்குதா?"

"பிடிக்கல, கடிக்குது."

சாக்பீஸால் அந்த இடத்தில் கோடு போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எந்த மாடல் வந்தாலும் நானும் ஏலாக்குறிச்சிக்காரியும்தான் போட்டுப் பார்ப்பது. வேர்வை ஊற்றும். ஆனால் சொல்வதற்கென்ன, எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நான் போட்டு எழுந்து நடந்த கோட்டுதான் எங்கேயோ கடல் தாண்டிப் போகிறது என்பதில் ஒரு கெத்து.

மாஸ்டர் நாடுகளைப் பற்றிப் பேசினால் சம்பந்தி வீடுகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். இத்தாலிக்காரன் ரசனைக்காரன், தோலை வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகக் கேட்பான். அமெரிக்காக்காரன் மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும் கிழியக் கூடாது என்பான், எருமைத் தோல்தான் அவனுக்கு. துருக்கிக்காரன் ஆட்டு ரோமத்தையே உள்பக்கம் வைத்துத் தைத்துவிடுவான், அதில் அவனை மிஞ்ச ஆளில்லை. இப்போது வெளிநாட்டுச் சின்னஞ்சிறுசுகள் ஆட்டைக் கொல்லக் கூடாது என்று ரெக்சின் கோட்டுக் கேட்கிறார்களாம். "ஆட்டுக்குப் பாவம் பார்த்து பிளாஸ்டிக்கைப் போட்டுக்குறாங்க. வெயில்ல போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்" என்பார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் கேட்டேன்.

"ஏன் மாஸ்டர், அவ்வளவு பெரிய பெரிய நாடெல்லாம் இருக்கு. இந்தக் கடலை மில்லுக்கு எப்படி வந்துச்சு இந்த வேலை?"

"முன்ன கொரியாக்காரன் தைச்சான் பெரியம்மா. அங்க கூலி ஏறிச்சு, சீனாவுக்குப் போச்சு. அங்கயும் ஏறிச்சு, இப்ப இங்க வந்து நிக்குது. பங்களாதேசுல கேட்டுக்கிட்டேதான் இருக்கான், பாகிஸ்தான்ல கேட்டுக்கிட்டேதான் இருக்கான். ஆர்டருன்னா மேயுற ஆடு மாதிரி. நம்ம காட்டுல நிக்குற வரைக்கும் நம்முது."

"போயிடுச்சுன்னா?"

 டிபன் டப்பாவை மூடினார். எனக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. போய்விட்டால் என் மகள் மறுபடி வெங்காயக் காட்டுக்குப் போக வேண்டும், அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாதியில் நிற்க வேண்டும். அந்த ஹாலில் மிஷின் மிதித்த ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒரு கதை.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனி ஆர்டர் வந்தது. பெண்கள் போடுகிற நீளக் கோட்டு, முழங்காலுக்கு மேலே வரை. அவ்வளவு பெரிய ஆர்டர் அதற்கு முன் வந்ததில்லை. முதலாளி பக்கத்தில் புது ஷெட்டே போட்டார். இது நல்லபடியாகப் போனால் வருஷம் பூரா வேலை, இல்லையென்றால் ஷெட்டைப் பூட்டிவிட்டு லாரிக்கே போய்விடுவேன் என்று எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்.

அவர்கள் அனுப்பிய அளவுப்படி ஒரு கோட்டுத் தைத்து அனுப்பி, அவர்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். மொத்தமாக வெட்டுவதற்கு முன்னால் மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். நானும் ஏலாக்குறிச்சிக்காரியும் போட்டுப் பார்த்தோம். குனிந்தால் பின்பக்கம் மேலே ஏறியது. தோள்பட்டைக்கு நடுவில் இழுத்துப் பிடித்தது.

"ஐயய்யோ, குனிஞ்சா பின்னாடி குளிர் ஏறுமே" என்றார் மாஸ்டர். "அவ்வளவு பனியில பாவம், இதைப் போட்டுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?"

முதுகுத் துண்டை நீளமாக்கினார். தோள்பட்டை நடுவில் கொஞ்சம் அகலம் விட்டார். மறுபடி போட்டுப் பார்த்தோம். கையில் உருவிவிட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். யாரிடமும் கேட்கவில்லை. நல்லதுதானே செய்கிறோம் என்று அந்த அளவிலேயே வெட்டிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும் இங்கே. துணி என்றால் தப்பாகத் தைத்ததைப் பிரித்து மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. பிரித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். தைத்தது தைத்ததுதான்.

முதல் லோடு கப்பலில் போயிற்று. அடுத்த லோடுக்குப் பாதி வெட்டிவைத்திருந்தோம், தைக்க ஆரம்பிக்கவில்லை. அப்போது அங்கிருந்து போட்டோக்கள் வந்தன. முதலாளி போனில் மாஸ்டருக்குக் காட்டினார், எனக்கும் எட்டிப் பார்க்கக் கிடைத்தது. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி பக்கவாட்டில் நிற்கிறாள். முன்னால் பார்த்தால் ராணி மாதிரி இருக்கிறது. பின்னால் பார்த்தால் தோளுக்குக் கீழே மூட்டை கட்டிவைத்த மாதிரி தோல் உப்பிக்கொண்டு நிற்கிறது.

மாஸ்டர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை. எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த வேலையை நிறுத்திவைக்கச் சொல்லி, போன கோட்டுகளையும் ஜெர்மனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னாலேயே, அந்த ஆர்டரைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் அம்மா சென்னையிலிருந்து வந்தார். பேன்ட் சட்டை போட்ட நடுவயதுப் பெண், நன்றாகத் தமிழ் பேசினார். திரும்பி வந்த கோட்டுகளில் ஒன்றை மேஜைமேல் விரித்தார். முதலாளி முந்திக்கொண்டார்.

"கப்பல்ல ஈரம் புடிச்சிருக்கு மேடம். தோலு இழுத்துக்கிச்சு. தோலு அனுப்பினவன் ஏமாத்திட்டான்."

ஏஜென்ட் அம்மா யோசித்தார். "தோல் சரியில்லன்னா குடோன்ல இருக்கிற மிச்சத் தோலும் வேணாம், வெட்டி வெச்சதும் வேணாம். இதோட நிறுத்திக்கலாம். வேற ஊர்ல செய்யறதுக்கு ஆள் இருக்காங்க."

முதலாளி இதை எதிர்பார்க்கவில்லை.  மிஷின் ஒவ்வொன்றாக நின்றது. என் மகளைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் முன்னால் வந்தார்.

"தோலு மேல பழி போடாதீங்க சார். தோலு நல்ல தோலு. வெட்டுனது நான். தப்பு என்னுது."

"யோவ், சும்மா இருய்யா" என்றார் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க குடுத்த அளவை நான் மாத்திட்டேன் மேடம். எங்க ஆளுங்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, அவங்க முதுகுக்குச் சரியா வெட்டிட்டேன். அவங்க காலமெல்லாம் குனிஞ்சு களை எடுத்தவங்க. உங்க ஊர்ப் பொம்பளைங்க நிமிந்து நிக்கிறவங்க. அது எனக்குத் தோணலை."

"அதெப்படிங்க? ஒரு முதுகுக்கும் இன்னொரு முதுகுக்கும் இவ்வளவு வித்தியாசமா வரும்?" ஏஜென்ட் அம்மா நம்பவில்லை. ஒரு தப்பை மறைக்க இன்னொன்று சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். கோட்டை எடுக்கவில்லை. குரலும் எழும்பவில்லை.

"பெரியம்மா, உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணாம்."

என் மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அத்தனை பேர் முன்னால், என் கூனைக் காட்டுவதற்கென்றே போய் நிற்பதா? நான் யாரிடமும் தலை குனிந்து நின்றவள் இல்லை. என் முதுகு வளைந்தது ஆறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு. திருடி வளையவில்லை. வெட்கப்பட வேண்டியது என்ன இருக்கிறது என்று தோன்றியது. எழுந்து போய்க் கோட்டை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"குனியட்டுமா?" என்று அந்த அம்மாவிடமே கேட்டேன்.

குனிந்தேன், உட்கார்ந்தேன், எழுந்து நின்றேன். அவர் என்னைச் சுற்றி வந்தார். முதுகில் கை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு இன்னொரு கோட்டை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு திரும்பி நின்றார். ஹாலில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் முதுகில் மூட்டை உப்பியது. என் முதுகில் ஒன்றுமில்லை.

"பெரியம்மாவுக்கு ஜெர்மன்காரி தோத்தா" என்றாள் ஏலாக்குறிச்சிக்காரி மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை, ஏஜென்ட் அம்மா ஒருவரைத் தவிர.

அவர் தன் போனில் என்னைப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தார், மேலிடத்துக்குக் காட்டுவதற்காக. "பாருங்கம்மா" என்று எனக்கும் காட்டினார். என் முதுகை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். யாருக்கும் தன் முதுகு தெரியாது அல்லவா? இவ்வளவு வளைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதன்மேல் கறுப்புத் தோல் ஒரு சுருக்கம் இல்லாமல், ஊற்றிவைத்த மாதிரி கிடந்தது.  போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"அப்ப மிச்சத் தோல்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பழுதே இல்ல மேடம். வெட்டி வெச்சதையும் குறைச்சு வெட்டிடலாம். இன்னும் ஊசி படலை."

கடைசியில் அந்த அம்மா சொன்னது இது. போனது போகட்டும், மிச்சத்தைச் சரியான அளவில் தைத்துக் கொடுங்கள், ஆர்டர் இங்கேயே இருக்கட்டும். ஆனால் வெட்டுவதற்கு வேறு ஆள் வேண்டும். "நீங்க உண்மையச் சொன்னீங்க, அது சரி. ஆனா கேக்காம அளவை மாத்துறவர் கையில நான் மறுபடி குடுக்க முடியாதுங்க."

"நியாயம்தான் மேடம்" என்றார் மாஸ்டர்.  வெட்டிவைத்திருந்த முதுகுத் துண்டுகள் அத்தனையையும் தானே உட்கார்ந்து குறைத்து வெட்டிக் கொடுத்தார்.  அந்த நாட்களில் எங்களை எதையும் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து தலையில்லாத வெள்ளைப் பொம்மை ஒன்று வந்திறங்கி, நான் நடந்து காட்டிய இடத்தில் நின்றது.

போகிற அன்றைக்குக் காலையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குரும்பலூரில் எங்கள் காட்டுக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை. நானும் மகளும் வெங்காயத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். எப்படி விசாரித்து வந்தாரோ தெரியாது.

"பெரியம்மா, உங்களை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுட்டேன்."

"நான்தான வந்து நின்னேன். அதுக்கென்ன இப்ப? வாங்க, மோர் குடிங்க."

மோரை வாங்கவில்லை. பையை வரப்பில் வைத்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, என் கையிலிருந்த களைக்கொத்தை வாங்கி, பாத்திக்குள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர் இது? பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

"போயிக்கலாம்."

கொத்தினார். வெங்காயத் தாளையும் சேர்த்துக் கொத்தினார். "அது வெங்காயம் மாஸ்டர்!" என்று என் மகள் பதறினாள். கொஞ்ச தூரம் போனவர் நிமிர முடியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றினார். இன்னொரு கை இடுப்பில். 

"அளவெடுக்குறதுக்கு முன்ன இதைச் செஞ்சு பார்த்திருக்கணும் பெரியம்மா" என்றார். "இதைச் செய்யாமயே வெட்டிட்டேன்."

நான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். மோரைக் குடித்தார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வாணியம்பாடிக்கே போனார் என்றார்கள். பங்களாதேசுக்குப் போய்விட்டார் என்றும் ஒரு பேச்சு. ஆர்டர் போகிற பக்கமெல்லாம் இவரும் போகிற ஆள்தானே. திரும்பி வந்த கோட்டுகளை முதலாளி டெல்லி வியாபாரி ஒருவருக்குத் தள்ளிவிட்டார். அங்கிருந்து மலைப்பக்கத்துச் சந்தைகளுக்குப் போனதாகக் கேள்வி. அந்தக் குளிரில் விறகும் புல்லும் முதுகில் சுமக்கிற பெண்கள் இருப்பார்களே. அவர்கள் யாராவது போட்டிருந்தால் நன்றாக உட்கார்ந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எனக்கு முழங்கால் ஒத்துவரவில்லை என்று வேலையை விட்டுவிட்டேன். கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது டவுனைச் சுற்றிச் செருப்புக் கம்பெனிகளும் வருகின்றன. வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளை யாரும் ஏனென்று கேட்பதில்லை. என் மகள் இப்போது தையல் வரிசைக்கே சூப்பர்வைசர்.

அவ்வளவுதான். எழுதிட்டியாடி எல்லாத்தையும்? அந்தப் போனைக் கீழ வை. வேன் சத்தம் கேக்குது பாரு, உங்கம்மா வந்துட்டா. அவ கை கால் அலம்பிட்டு வந்து உக்காரட்டும். அப்புறம் முதல்லேர்ந்து நிதானமா படி, நாங்க ரெண்டு பேரும் கேக்குறோம்.